ஐந்து கடிதங்களில் ஓர் அண்ணன்

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இரண்டு பெண்களுக்கு உபயோகமாக இருக்கும், உங்கள் அனுபவத்தை நாலு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று ரெஜினா கேட்டாள். ரெஜினா கடையின் இப்போதைய முதலாளி, என் பழைய முதலாளியின் மகள். "சக்ஸஸ் ஸ்டோரியா எழுதுங்க ஆன்ட்டி. எத்தனை பேருக்கு வேலை வாங்கிக் குடுத்திருக்கீங்க!" என்றாள். நான் யாருக்கும் வேலை வாங்கிக் கொடுத்ததில்லை. முப்பத்து நாலு வருஷம் ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன், அவ்வளவுதான். வேலை கிடைத்தவர்கள் இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தார்கள். கிடைக்காதவர்கள் வரவில்லை. ஆகவே கடைக்குள் உட்கார்ந்து பார்த்தால் நான் எழுதிய எல்லாக் கடிதமும் வெற்றி பெற்றதாகத்தான் தெரியும். எனக்கும் வெகுகாலம் அப்படித்தான் தெரிந்தது.

இப்போது கைபேசியே விண்ணப்பம் எழுதிவிடுகிறது. அந்தப் பெண்களில் ஒருத்தி எனக்குச் செய்து காட்டினாள். பெயரையும் வேலையையும் தட்டினாள், கண் இமைப்பதற்குள் ஒரு பக்கம் வந்து நின்றது. படித்துப் பார்த்தேன். அயராத உழைப்பு, அளவற்ற ஆர்வம், சிறு வயது முதலே கண்ட கனவு. அது என்னுடைய நடை. வருஷக்கணக்கில் பாடுபட்டு நான் செய்த தப்பை அது ஒரு நொடியில் செய்கிறது. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சின்னத் தெருவில், பழைய கடைவீட்டின் மாடியில் எங்கள் கடை. கீழே கைபேசி உறையும் சிம் கார்டும் விற்கிறார்கள். அதற்கு முன் அங்கே பாத்திரக்கடை இருந்தது. படிக்கட்டு செங்குத்து. ஏறி வருகிறவருக்கு மூச்சு வாங்கும், அதனால் வந்ததும் யாராலும் பொய் சொல்ல முடியாது என்பார் முதலாளி. வேலை விண்ணப்பம், தொழில்நுட்பக் கல்லூரிக்கு விண்ணப்பம், வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு 'நான் ஏன் இந்தப் படிப்பைப் படிக்க விரும்புகிறேன்' என்ற கட்டுரை, மேல்முறையீட்டுக் கடிதம், இவைதான் எங்கள் தொழில்.

நான் அங்கே சேர்ந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். பள்ளி முடிவில் எழுதும் சாதாரண நிலைத் தேர்வில் எனக்கு ஆங்கிலத்தில் சிறப்புத் தேர்ச்சி. அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு, புக்கிட் மேரா வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிய ஆள் நான். எந்தச் சாமிக்கு முதலில் கற்பூரம் காட்டினேன் என்பது வேண்டாம். தட்டச்சர் தேவை என்ற விளம்பரத்தைப் பார்த்து இரண்டு பக்க விண்ணப்பத்தோடு போனேன்.

முதலாளி திரு. சவரிமுத்து ஒரு கப்பல் கம்பெனியில் கடிதப் பிரிவில் இருந்தவர். ஒல்லியான மனிதர், வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா. குரலை உயர்த்தியதே இல்லை. உயர்த்தியிருந்தால் தேவலை. மேஜைமேல் இருந்த மர அடிக்கோலை எடுத்து என் விண்ணப்பத்தின் முதல் வரிக்குக் கீழே வைத்தார்.

"துடிப்பானவள்னு போட்டிருக்கே. யார் சொன்னா?"

"யாரும் சொல்லல சார். நானே..."

அடிக்கோல் ஒரு வரி இறங்கியது. "பன்முகத் திறமை. இது யார் சொன்னா?"

அவர் ஒவ்வொரு வரியாக இறங்கி வந்தார். இரண்டு பக்கமும் முடிந்தபோது மிஞ்சியது என் பெயர், முகவரி, நிமிஷத்துக்கு எத்தனை சொல் தட்டுவேன் என்பது.

"இந்த மூணு வரிக்குத்தான் வேலை குடுக்கிறேன். மண்டே வா" என்றார்.

வீட்டுக்குப் போய் அழுதேன். திங்கட்கிழமை போனேன்.

அப்புறம் தட்டச்சுப் பொறி போய் மின் தட்டச்சுப் பொறி வந்தது, அது போய்க் கணினி வந்தது. அதையெல்லாம் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. முதலாளியின் முறையைத்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் கெடுத்தது அதைத்தான்.

வாடிக்கையாளர் உட்கார்ந்ததும் நீங்கள் விசைப்பலகையைத் தொடக்கூடாது. ஓர் அட்டையும் பென்சிலும்தான். என்ன பதவி என்று கேட்கக்கூடாது. "போஸ்ட்டைக் கேக்காதே. காலைல வேலைக்குப் போனதும் முதல்ல கையில என்ன எடுப்பீங்கன்னு கேளு" என்பார். சாவிக்கொத்து என்று ஒருவர் சொல்வார், துடைப்பம் என்று ஒருவர் சொல்வார். அங்கிருந்து பேச்சு கிளம்பும். அட்டை நிறைந்த பிறகு தட்டச்சு. அதற்கப்புறம் இருக்கிறதே, அதுதான் முக்கியம். தட்டி முடித்த தாளை மேஜைமேல் வைத்து, அடிக்கோலை வரிக்கு வரி நகர்த்தி, ஆங்கிலத்தில் எழுதியதை அப்படியே தமிழில் வாடிக்கையாளருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அவர் தலையாட்டினால்தான் அடுத்த வரி. ஆட்டாவிட்டால் அந்த வரி போய்விடும். தமிழிலேயே பிறந்து வளர்ந்தவருக்கும் இதுதான், ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவருக்கும் இதுதான்.

ஒரு தடவை முதலாளி ஒரு கிடங்குக் கண்காணிப்பாளருக்கு வாசித்துக்கொண்டிருந்தார். 'பத்துப் பேரை மேற்பார்வை செய்கிறேன்' என்ற வரியில் அவர் தலையாட்டவில்லை.

"பத்து இல்ல சார், எட்டு. ரெண்டு பேரு ஊருக்குப் போயிட்டாங்க."

அது தட்டச்சுப் பொறிக் காலம். முழுப் பக்கத்தையும் மறுபடி தட்டினேன். எட்டுக்கும் பத்துக்கும் யார் வந்து எண்ணப் போகிறார்கள் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே தட்டியதால் அதிலும் இரண்டு பிழை. மூன்றாவது தடவையும் தட்டினேன்.

இன்னொரு தடவை, ஆஸ்திரேலியாவில் கணக்கியல் படிக்கப் போகிற பெண்ணுக்குக் கட்டுரை எழுதினேன். முதலாளி இல்லாத நேரம், என் ஆங்கிலத்துக்குக் கட்டு அவிழ்ந்துவிட்டது. தாயின் வயிற்றில் இருந்த நாள் தொட்டே எண்கள் அவளை ஈர்த்தன என்று தொடங்கினேன். முதலாளி திரும்பி வந்து அடிக்கோலை வைத்தார்.

"வயித்துல இருக்கும்போதே அக்கவுண்டன்சியா? யார் சொன்னா?"

நான் தாளைத் திரும்ப எடுக்கப் போனேன்.

"அவங்க அம்மா கீழதான் நிக்கிறாங்க. கூப்பிடு, கேட்டுருவோம்."

உண்மையாகவே கூப்பிட்டுவிட்டார். அந்த அம்மா மூச்சு வாங்க ஏறி வந்து, விஷயத்தைக் கேட்டு, "இவளா? போன வருஷம் வரைக்கும் மேத்ஸ்ல ஃபெயில் லா" என்றார். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன், உள்ளே எரிந்துகொண்டு. கடைசியில் அந்தப் பெண் கணக்கில் தோற்றதையும், அப்பாவின் கடைக்கணக்கைப் பார்க்கப் போய் மறுபடி பிடித்துக்கொண்டதையும் எழுதினோம். இடம் கிடைத்தது. அதை என் வெற்றி என்று பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முதலாளி காலமானார். ரெஜினா பொறுப்பேற்றாள். அவளுக்குக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை இருந்ததால் கடை ஏறத்தாழ என் கையில்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிலாளர்கள் வரிசை மாடிப்படி முழுக்க நிற்கும். முதலில் அட்டையை விட்டேன், நேரே கணினியில் தட்டினால் சுருக்காக முடியும் என்று. அப்புறம் தமிழில் வாசித்துக் காட்டுவதை விட்டேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மாறாக, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், "இங்கிலீஷ் அக்கா" என்று எனக்குப் பட்டம் கிடைத்தது. டெக்கா மார்க்கெட்டில் மீன் வாங்கும்போது யாராவது அப்படிக் கூப்பிட்டால் இரண்டு தடவை கூப்பிடட்டும் என்று காது கேளாதவள் மாதிரி நிற்பேன்.

இந்தச் சமயத்தில்தான் செல்வராசு வந்தார்.

தொற்றுக்காலம் ஓய்ந்து, விடுதிகளில் தங்கியிருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் மறுபடி ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தப் பக்கம் வரத் தொடங்கியிருந்தார்கள். செல்வராசு அறந்தாங்கிப் பக்கத்துக்காரர், முப்பது வயது இருக்கும். தீவின் மேற்குக் கோடியில், துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் சாரம் கட்டும் வேலை. ஏழு வருஷமாக இங்கே இருந்தார். விடுமுறை நாட்களில் படித்து வேலையிடப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் சான்றிதழ் வாங்கியிருந்தார். அவருடைய வேலை பெர்மிட் அந்த மாதக் கடைசியோடு முடிகிறது, பட்டறை அதைப் புதுப்பிக்கவில்லை. துவாஸிலேயே இன்னொரு கம்பெனி பாதுகாப்பு வேலைக்கு மூன்று பேரைத் தேடியது. அது கிடைத்தால் இருக்கலாம், கிடைக்காவிட்டால் விமானம்.

"ஏன் தம்பி பாதுகாப்பு வேலைக்குப் போகணும்னு தோணுச்சு?" என்று கேட்டேன். விண்ணப்பத்தில் அதற்கு ஒரு பத்தி கேட்டிருந்தார்கள்.

அவர் கொஞ்ச நேரம் கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தார். "எங்கண்ணன் சென்னையில பெயின்ட் வேலை பாத்தாரு அக்கா. சாரத்துல நின்னுக்கிட்டிருந்தாரு. பலகை முனையைக் கட்டல. ஓரத்துக்குப் போனதும் பலகை மறுபக்கம் தூக்கிருச்சு." அதோடு நிறுத்திக்கொண்டார். எப்போது என்று கேட்டேன். காலை ஒன்பதரை என்றார்.

நான் எழுதினேன். எப்படி எழுதினேன்! அண்ணன் விழுந்தது காலை ஒன்பதரைக்கு. நான் அதை அந்திப்பொழுது ஆக்கினேன், ஆங்கிலத்தில் அந்திக்குத்தான் நல்ல சொற்கள் இருக்கின்றன. அண்ணனின் உடலருகே நின்று தம்பி சபதம் எடுப்பதாக எழுதினேன். அப்படியொரு சபதத்தை அவர் சொல்லவில்லை. எழுதி முடித்துப் படித்தபோது எனக்கே கண் கலங்கியது. அதுவும் எந்த இடத்தில் என்கிறீர்கள், அழகாக ஓர் அரைப்புள்ளி விழுந்திருந்த இடத்தில்.

"நல்லாருக்கா அக்கா?" என்று கேட்டார் செல்வராசு.

"பிரமாதம்" என்றேன். தமிழில் வாசித்துக் காட்டவில்லை. படியில் பதினொரு பேர் நின்றிருந்தார்கள். அந்தப் பத்தியை மட்டும் தனியாக எடுத்து, கணினியில் 'சேஃப்டி' என்று பெயர் போட்டுச் சேமித்துக்கொண்டேன்.

மூன்று பேர் வேண்டும் என்றால் அதைத் தனக்குள் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை செல்வராசு. விடுதி அறையில் அதே சான்றிதழ் வைத்திருந்த நாலு பேருக்கும் சொல்லியிருக்கிறார். அக்காகிட்டயே போங்க, நல்லா எழுதுவாங்க என்று அனுப்பியதும் அவர்தான். அடுத்த ஞாயிறு நாலு பேரும் வந்தார்கள். ஒரே அறையில் இருப்பவர்கள், ஒரே கம்பெனிக்குப் போகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் 'சேஃப்டி'யைத் திறந்தேன். ஒரே கடிதமாக இருக்கக்கூடாது என்ற புத்தி மட்டும் இருந்தது. ஆகவே ஒருவருக்கு அண்ணனைச் சித்தப்பா ஆக்கினேன், ஒருவருக்கு மாமா, ஒருவருக்கு நண்பர். நாலாமவர் கணேசன், அவருக்கு அப்பா. அந்தி எல்லோருக்கும் பொது. நாலு பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கும்பிட்டுப் போனார்கள். அன்று சீக்கிரமாகவே கடையைச் சாத்தினேன், எவ்வளவு வேகமாக வேலை பார்க்கிறேன் என்று மெச்சிக்கொண்டு.

பத்து நாள் கழித்து ஒரு சாயங்காலம் செல்வராசு வந்தார். வேலைநாளில் துவாஸிலிருந்து யாரும் இங்கே வரமாட்டார்கள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அக்கா, எங்கண்ணனை எத்தனை பேருக்குக் குடுத்தீங்க?"

எனக்கு உடனே புரிந்தது. புரியாத மாதிரி, "என்ன தம்பி?" என்றேன். அந்த ஒரு நடிப்பையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

நடந்ததைச் சொன்னார். ஐந்து பேரையும் ஒரே நாளில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். மனிதவளப் பிரிவில் மிஸ் டான் என்ற ஒரு பெண். ஐந்து கடிதத்தையும் அச்செடுத்து மேஜையில் பரப்பி வைத்து, ஐந்து பேரையும் ஒன்றாக உள்ளே கூப்பிட்டு, சத்தமாக வாசித்திருக்கிறார். சித்தப்பா, மாமா, நண்பர், அப்பா எல்லோரும் அந்திப்பொழுதில் வரிசையாகச் சாரத்திலிருந்து விழுந்திருக்கிறார்கள். தங்கள் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று நாலு பேருக்கும் அப்போதுதான் தெரிந்திருக்கிறது. இதில் யாருடையது உண்மை என்று மிஸ் டான் கேட்டிருக்கிறார். செல்வராசு கை தூக்கியிருக்கிறார். உன் அண்ணன் இறந்தது எந்த நேரம் என்று கேட்டாராம். காலையில் என்றாராம். மிஸ் டான் கடிதத்தில் அந்தி என்று இருந்த இடத்தைக் காட்டி, ஐந்து பேரையும் திருப்பி அனுப்பிவிட்டாராம்.

"மத்தவங்க பேசாம நின்னாங்கக்கா. நான்தான் உண்மையச் சொன்னேன். நான்தான் பொய்யன்னு ஆயிட்டேன்."

முதலில் வாயில் வந்தது என்ன தெரியுமா? "கவலைப்படாதீங்க தம்பி, இதை விட நல்ல லெட்டர் ஒண்ணு எழுதித் தரேன்." சொல்லியேவிட்டேன்.

"வேணாம்க்கா. உங்க இங்கிலீஷ் வேணாம்" என்றார் அவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. படியிறங்கிப் போகும் சத்தம் கேட்டது. பெர்மிட் முடிய ஒன்பது நாள் இருந்தது.

வெட்கம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்கு முன் நான் பட்டதெல்லாம் கௌரவக் குறைச்சல். இது வேறு. ஒருவர் மூச்சடக்கிச் சொன்ன சாவை எடுத்து, ஆளுக்குக் கொஞ்சம் பூசி அனுப்பியிருக்கிறேன். ரெஜினாவிடம் சொன்னேன். "அந்தக் கம்பெனிக்குச் சாரின்னு ஒரு ஈமெயில் போட்டுடுங்க ஆன்ட்டி" என்றாள். அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் செல்வராசுவை ஒரு காகிதத்தால் கெடுத்துவிட்டு இன்னொரு காகிதத்தால் தப்பிக்க எனக்கு மனம் வரவில்லை. மிஸ் டானிடம் நேரில் போய்க் கொடுப்பது என்று முடிவு செய்தேன்.

கொடுப்பதற்குக் கடிதம் வேண்டுமே. முப்பது வருஷமாக ஆயிரம் பேர் சார்பில் 'நான்' என்று எழுதியவள், என் சார்பில் ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். வரவில்லை. முதல் வரைவில் 'தவிர்க்க முடியாத சூழ்நிலை' என்று இருந்தது. யார் சொன்னது? படியில் நின்ற பதினொரு பேரா? அடித்தேன். அடுத்ததில் 'நல்லெண்ணத்தோடு' என்று எழுதினேன். அதையும் அடித்தேன். 'நீண்ட அனுபவம் கொண்ட எனக்கு' என்று கூட ஒன்று இருந்தது, மன்னிப்புக் கடிதத்தில்! மூன்று நாளாயிற்று. கடைசியில் நாலு வரிதான் மிஞ்சியது. ஐந்து கடிதங்களையும் எழுதியவள் நான். அண்ணனை இழந்தவர் செல்வராசு ஒருவரே. அந்தி, சபதம் இரண்டும் நான் சேர்த்தவை. ஐவருக்கும் அவற்றை நான் வாசித்துக் காட்டவில்லை. கீழே என் பெயர். கையெழுத்துப் போட்டு உறையில் வைத்தேன்.

ரயிலில் கடைசி நிலையம் வரை போய், அங்கிருந்து பஸ் ஏறினேன். நல்ல பட்டுச்சேலை கட்டியிருந்தேன், மரியாதை கிடைக்கும் என்று. அந்தக் கம்பெனியின் வாசல் காவலாளி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கிளீனிங் வேலைக்கா ஆன்ட்டி? ஃபார்ம் அங்க இருக்கு" என்றார். அதுவும் வேண்டியதுதான்.

மிஸ் டானுக்கு என் மகள் வயதுகூட இருக்காது. அவர் பேசியது ஆங்கிலம், நான் தமிழில் தருகிறேன். எதுவும் கூட்டிச் சேர்க்கவில்லை, நம்புவது உங்கள் விருப்பம். நாலு வரியையும் படித்தார். மறுபடி படித்தார்.

"நீங்கள் கதை எழுதுவதைத் தொழிலாகச் செய்பவர். இதுவும் ஒரு கதையில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்?"

என் முதலாளி கேட்டதைத்தான் அவரும் கேட்கிறார். "தெரியாதுதான்" என்றேன். "என்னை நம்ப வேண்டாம். அவரைக் கூப்பிட்டு ஒரு வெள்ளைத்தாள் கொடுங்கள். நான் பக்கத்தில் இருக்கமாட்டேன்."

அவர் யோசிப்பதாகச் சொன்னார். சரி என்று சொல்லவில்லை. வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் வெயிலில் நின்றேன். இந்த மனுஷன் ஊருக்குப் போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

கூப்பிட்டார்கள். பெர்மிட் முடிய மூன்று நாள் இருந்தபோது கூப்பிட்டார்கள். நான் இதைத் தெரிந்துகொண்டது மிஸ் டான் கடைக்குப் போன் செய்தபோது. தாளும் பேனாவும் கொடுத்து, ஏன் இந்த வேலை வேண்டும் என்று எழுதச் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாராம். அரைமணி நேரத்தில் செல்வராசு எட்டு வரி எழுதியிருந்தாராம். பலகை முனையை எத்தனை இடத்தில் கட்ட வேண்டும். காலையில் முதல் ஆள் ஏறுவதற்கு முன் யார் அதன்மேல் நடந்து பார்க்க வேண்டும். மழை பெய்தால் மறுபடி எப்போது பார்க்க வேண்டும். எட்டு வரியும் பலகைதான்.

"அண்ணனைப் பற்றி?" என்று கேட்டேன்.

"ஒரு சொல் இல்லை" என்றார் மிஸ் டான். "அதனால்தான் அவருக்கு ஓர் அண்ணன் இருந்தார் என்று நம்பினேன். வேலை கொடுத்திருக்கிறோம்."

போனை வைத்துவிட்டு அழுதேன். இந்தத் தடவை அரைப்புள்ளி எதுவும் காரணமில்லை.

மற்ற நாலு பேரையும் தேடிப் பிடித்து, அட்டையும் பென்சிலுமாக உட்கார்ந்து, காலையில் கையில் முதலில் என்ன எடுப்பீர்கள் என்று கேட்டு, ஆளுக்கொரு கடிதம் புதிதாக எழுதி, தமிழில் வரிவரியாக வாசித்துக் காட்டினேன். இரண்டு பேருக்கு வேறு கம்பெனிகளில் வேலை கிடைத்தது. ஒருவர் ஊருக்குப் போய்விட்டார், ஒருவரிடமிருந்து அப்புறம் தகவல் இல்லை. கணேசன் வந்தபோது கைபேசியை நீட்டியபடியே வந்தார். திரையில் முண்டாசு கட்டிய ஒரு பெரியவர். "அப்பா, இவங்கதான் உன்னைக் கொன்ன அக்கா" என்றார் கணேசன். பெரியவர் வயிறு குலுங்கச் சிரித்து, "நல்லாருக்கியாம்மா? சாப்பிட்டியா?" என்று விசாரித்தார். நான் கொன்ற ஒருவர் என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்டார். என்ன பதில் சொல்வது? சாப்பிட்டேன் ஐயா என்றேன்.

செல்வராசு வரவில்லை. நாலு மாதம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கூட்டம் குறைந்த நேரத்தில் படியேறி வந்தார். புதுக் கம்பெனியின் பெயர் பொறித்த சட்டை. கை வெறுங்கையாக இருந்தது. முதலில் இனிப்பு இருக்கிறதா என்று என் கண் அவர் கையைத்தான் பார்த்தது, இந்த வயதிலும்.

"அந்த லெட்டரு உங்க கம்ப்யூட்டர்ல இருக்காக்கா?"

"இருக்கு தம்பி."

"அழிச்சிருங்க. நான் பாக்கணும்."

நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டேன். இந்தத் தடவை உட்கார்ந்தார். அவர் கடிதத்தை அழித்தேன், மற்ற நாலையும் அழித்தேன், 'சேஃப்டி'யையும் அழித்தேன். குப்பைத்தொட்டியையும் காலி செய்யச் சொன்னார். அதையும் செய்தேன். திரை வெறுமையானது. அவர் எழுந்திருக்கவில்லை. எனக்கு ஏதாவது பேச வேண்டும் போலிருந்தது.

"அண்ணன் பேரு என்ன தம்பி?"

செல்வராசு என் முகத்தையே பார்த்தார். "இப்பத்தான் கேக்குறீங்க" என்றார்.

அப்போதுதான் உறைத்தது. ஐந்து கடிதத்திலும் அவர் வெறும் அண்ணன், சித்தப்பா, மாமா. நான் பெயரைக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால், பெயரும் ஊரும் உள்ள ஒரு மனிதரை எடுத்து இன்னொருத்தருக்கு மாமாவாக்க என் கைக்கே துணிச்சல் வந்திருக்காது. பெயர் தெரியாததால்தான் அத்தனை சுலபமாக முடிந்தது. மன்னிச்சிருங்க தம்பி என்றேன். மன்னித்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அப்புறம் அண்ணனின் பெயரைச் சொன்னார். முழுப்பெயர், அப்பா பெயரோடு. வீட்டில் கூப்பிடும் பெயரையும் சொன்னார். பிறகு எழுந்து போனார்.

ரெஜினா, நீ கேட்ட நாலு பக்கம் இதுதான். அந்தப் பெண்களிடம் கொடு. அந்தப் பெயரை இதில் தேட வேண்டாம் என்று சொல். அதை எழுதலாமா என்று நான் அவரிடம் கேட்கவில்லை, அதனால் எழுதவில்லை.